கீபோர்டுக்கு அடியில் போன பின்கோடு

அன்புள்ள செந்தில்,

நலம். உன் நலமறிய ஆவல்.

ஃப்ளட்டரில் (மொபைல் ஆப் எழுதும் கருவி) நீ எழுதும் ஆப்பில் பின்கோடு கட்டத்தைத் தொட்டதும் ஃபார்முக்குக் கீழே, இடம் போதவில்லை என்று காட்டும் மஞ்சள் கறுப்புப் பட்டை வருகிறது, திரையின் சட்டகமான ஸ்கஃபோல்டில் 'ரிசைஸ் டு அவாய்ட் பாட்டம் இன்செட்'டை (கீபோர்டுக்கு இடம்விட்டுத் திரையைச் சுருக்கும் அமைப்பு) ஃபால்ஸ் ஆக்கியதும் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். முதல் வேலையாக அதை ட்ரூவுக்கே மாற்று. ஃபால்ஸ் வைத்தால் பட்டையோடு பின்கோடு கட்டமும் கீபோர்டுக்கு அடியில் போய்விடும். என்ன அடிக்கிறோம் என்றே தெரியாது.

ஃப்ளட்டரில் கீபோர்டு எழும்பினால் அதன் உயரத்துக்கு ஸ்கஃபோல்டின் பாடி, அதாவது உள்ளடக்கம் இருக்கும் பகுதி, குறையும். கட்டங்களை மேலிருந்து கீழாக அடுக்கிய காலம் (Column) விட்ஜெட் அதற்குள் அடங்காமல் வழிகிறது, அவ்வளவுதான். அதை உருட்டிப் பார்க்க விடும் சிங்கிள் சைல்ட் ஸ்க்ரோல் வியூவுக்குள் போடு. தொட்ட கட்டம் தானாக மேலே வந்து நிற்கும். ஆனால் கீழே 20 பிக்சல்தான் இடம் விடும். கட்டத்தைச் சுற்றி விடும் இடமான ஸ்க்ரோல் பேடிங்கின் டீஃபால்ட் அது. '6 இலக்கம் வேண்டும்' என்று கட்டத்துக்குக் கீழே வரும் சிவப்பு எழுத்துக்கு அது போதாது. அடிப்பக்கம் 80 வைத்துப் பார்.

'சேமி' பட்டனை ஸ்கஃபோல்டின் அடிப்பட்டையான பாட்டம் நேவிகேஷன் பாரில் வைக்காதே, கீபோர்டு அதை மறைத்துவிடும். பாடியிலேயே, மீதி இடத்தை நிரப்பும் எக்ஸ்பாண்டடுக்குள் ஸ்க்ரோல், அதற்குக் கீழே பட்டன் என்று வை. கீபோர்டின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கீபோர்டு மறைக்கும் உயரத்தைச் சொல்லும் வியூ இன்செட்ஸை வைத்து நீயே பேடிங் கணக்குப் போடவும் வேண்டாம். பாடிக்குள் அதைக் கேட்டால் அடிப்பக்கம் 0 என்றுதான் வரும். ஸ்கஃபோல்ட் ஏற்கெனவே அதைக் கழித்துவிட்டது. கீழிருந்து எழும்பும் பாட்டம் ஷீட்டில் மட்டும் நாமே சேர்க்க வேண்டும், அதை இன்னும் உயர விடும் 'இஸ் ஸ்க்ரோல் கன்ட்ரோல்ட்' ட்ரூவோடு.

கீபோர்டு எழும்பிய கையோடு இறங்கிவிடுகிறது என்றாயே, ஃபார்மின் அடையாளமான குளோபல் கீயை, திரையை அமைக்கும் பில்டுக்குள் உருவாக்கியிருக்கிறாயா பார். கீபோர்டு வந்தால் திரை விவரம் சொல்லும் மீடியா குவெரி மாறும், அதைக் கேட்கும் பில்ட் மறுபடி ஓடும், புதுக் கீ பிறக்கும், பழைய கட்டங்கள் கலைந்து ஃபோகஸ் (எந்தக் கட்டத்தில் அடிக்கிறோம் என்பது) போய்விடும். கீயையும் ஃபோகஸ் நோடையும், பில்ட் மறுபடி ஓடினாலும் அப்படியே இருக்கும் ஸ்டேட்டுக்கு மாற்று.

ஐபோனின் நம்பர் கீபோர்டில் 'அடுத்து' பொத்தானே கிடையாது. 6 இலக்கம் நிறைந்ததும் எழுத்து மாறும்போதெல்லாம் ஓடும் ஆன் சேஞ்ச்டில் ஃபோகஸை அடுத்த கட்டத்துக்கு நகர்த்து. கடைசிக் கட்டமென்றால் அன்ஃபோகஸ் செய். மேக்கில் ஓடும் ஐபோன் சிமுலேட்டரில் கீபோர்டே எழும்பவில்லையென்றால் கமாண்ட்-கே அழுத்து. மேக்கின் கீபோர்டு இணைந்திருந்தால் திரையில் வராது.

மாற்றிப் பார்த்துவிட்டு எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குமரன்