ரம்மிக்கும் எங்கள் விளையாட்டுக்கும் ஒரே படமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வீடியோ கேம் ரசிகர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். "விளையாட்டை மூடிவைத்த பிறகும் அதற்குள்ளேயே வாழ்கிறவர்கள், பக்கத்தில் இருக்கும் மனிதர்களை மறந்துபோனவர்கள்" என்று அதில் ஒரு வரி. மூன்று நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதல் பாதி உண்மைதான். மூடிவைத்த பிறகும் அதற்குள் வாழ்கிறவள் நான். இரண்டாவது பாதியை, எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வந்திருந்தால் கட்டுரையாளர் எழுதியிருக்க மாட்டார்.

எனக்கு 38 வயது. பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். 2002ல் அப்பா வீட்டு முன்னறையில் ஐந்து கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினார். மணிக்கு 20 ரூபாய். இரவு ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கியதும் நானும் தம்பியும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடுவோம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம், 1999ல் வந்தது. உங்களுக்குத் தெரியாததில்லை. வேலை செய்ய மூன்று வில்லேஜர் (கிராமத்து ஆட்கள்), ஒரு குதிரைக்காரன், கையில் 200 உணவு, 200 மரம். இதை வைத்துக்கொண்டு ஒரு ராஜ்யத்தையே எழுப்ப வேண்டும். சிலுவைப்போருக்குக் கிளம்பிய ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசா 1190ல் வழியிலேயே ஆற்றில் மூழ்கி இறந்ததை நான் முதலில் தெரிந்துகொண்டது இதில்தான், பாடப்புத்தகத்தில் இல்லை. எம்.ஏ. வரலாறு சேர்ந்ததற்கும் இதுவே காரணம்.

கூட்டாளியோடு பேச இதில் எண்கள் உண்டு. 1 ஆமாம், 2 இல்லை. 3 தட்டினால் "ஃபுட் ப்ளீஸ்" என்று ஒரு குரல் கேட்கும். 4 மரம், 5 தங்கம், 6 கல், 11 சிரிப்பு. ஒரு நாள் தம்பிக்கு உணவு தீர்ந்துபோய் 3ஐத் தட்டிக்கொண்டே இருந்தான். ஸ்பீக்கரில் அந்தக் குரல் விடாமல் கெஞ்சியது. உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மா, "யார்றா அது, இவ்வளவு நேரமா சாப்பாடு கேக்குறான்?" என்று தட்டில் இரண்டு தோசையோடு வந்து நின்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூணு என்றால் பசி. பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே தம்பி "அம்மா, மூணு" என்பான். பின்னாளில் கல்லூரி விடுதியிலிருந்து மாதக் கடைசியில் '5' என்று மட்டும் எஸ்எம்எஸ் வரும். அப்பா பணம் அனுப்புவார். சில மாதம் '2' என்று பதில் போகும்.

2023 ஆகஸ்டில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயைத் திறந்தால் வெறும் சத்தம்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் காலை, இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து மூன்று விரலை நீட்டினார். "மணி மூணான்னு கேக்குறீங்களாம்மா?" என்றார் நர்ஸ். எனக்குப் புரிந்துவிட்டது. கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினேன். பாதிக் கிண்ணத்தில் இரண்டு விரலைக் காட்டினார். போதும் என்று அர்த்தம். எட்டு மாதம் இப்படித்தான் பேசிக்கொண்டோம். ஷார்ஜாவிலிருந்து தம்பி லீவில் வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை ஏதோ சொன்னான். அம்மாவுக்கு முகம் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் சிரிப்பு தெரியாது. ஒரு விரலை நீட்டினார், மடக்கினார், மறுபடியும் நீட்டினார். பதினொன்று. தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அடுத்த வருடம் மே மாதம் அம்மா காலமானார்.

பக்கத்தில் இருப்பவர்களை மறந்துபோனவர்கள் என்று எங்களையா சொல்கிறீர்கள்?

இதை மட்டும் எழுதி நிறுத்தத்தான் நினைத்தேன். முடியவில்லை. இந்த விளையாட்டில் ஆடுகிறவர் ஆளுக்கொரு நாகரிகப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2013 வரை அதில் இந்தியர் என்ற பிரிவே கிடையாது. ரசிகர்கள் தாங்களாகவே சேர்ந்து உருவாக்கிய ஒரு கூடுதல் தொகுப்புதான் அந்த வருடம் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. அதன் வழியாகத்தான் இந்தியர் உள்ளே வந்தார்கள். 2022 ஏப்ரல் 28 அன்று திராவிடர் என்றே ஒரு தனிப் பிரிவு வந்தது. சுருள்வாள் வீசும் வீரன், திரிசடை என்று ஒரு கப்பல், நம் பக்கத்து வூட்ஸ் உருக்கு, ராஜேந்திர சோழனின் படையெடுப்பு எல்லாம் அதில் உண்டு. அந்த வருடம் உங்கள் இதழில் சோழர்களைப் பற்றி எத்தனை பக்கம் வந்தது என்று உங்களுக்கே தெரியும். நானும் நான்கு பக்கம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். ஒரு வரிகூட வரவில்லை. அந்த அக்டோபரில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டைக்குள்ளேயே இந்த விளையாட்டுக்குப் போட்டி நடந்தது. அதுவும் வரவில்லை. சரி, இடம் இருந்திருக்காது.

கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த என் தம்பி கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்த்ததே கிடையாது. ராஜேந்திரன் பகுதியை ஆடி முடித்த பிறகு, லீவில் வந்த மறுநாளே "அக்கா, வா போகலாம்" என்று பஸ் ஏற்றினான். சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றான். அப்புறம் சோழகங்கம் ஏரிக்கரைக்கும் போனோம். அத்தனை வருடம் நான் வாயால் சொல்லி நடக்காதது அது.

விளையாட்டுக்கு அடிமையாகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். என் வகுப்பிலேயே இரண்டு பேர், விடிய விடிய ஆடிவிட்டு முதல் பீரியடில் தூங்குகிறார்கள். அதைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் கல்யாணப் பந்தியில் ஸ்கோர் கேட்டபடி சாப்பிடுகிறவர் கிரிக்கெட் ரசிகர், கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் சினிமா ரசிகர், நாங்கள் மட்டும் அடிமைகள் என்பது எந்த ஊர் நியாயம்? பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்த 2025ஆம் ஆண்டுச் சட்டமே இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக ஆடும் வீடியோ கேம்களை, தனியாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது. நீங்களோ ரம்மியில் பணத்தை விட்டவர் செய்திக்கும் ஜாய்ஸ்டிக் படம்தான் போடுகிறீர்கள். அதே இருட்டறை, அதே ஹெட்போன் மாட்டிய பையன். ஒரு பெண்ணை அந்த நாற்காலியில் உட்காரவைத்து நான் இதுவரை பார்த்ததில்லை.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். இனி ரம்மிச் செய்திகளுக்கு அந்தப் படம் வேண்டாம். சீட்டுக்கட்டுப் படம் போட்டால் போதும். கடிதம் நீளம் என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். அம்மாவைப் பற்றிய பத்தியில் மட்டும் தயவுசெய்து கைவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்