எச்-6இல் வைத்த பிஷப்

சிரஞ்சீவி குமரனுக்கு, காட்பாடியிலிருந்து நைனா எழுதுவது.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கும் நாளிலெல்லாம் அம்மா உன் பேச்சை எடுக்கிறாள். நான் எழுத வந்தது உன் புல்லட் ஆட்டத்தை, அந்த ஒரு நிமிடச் சதுரங்கத்தைப் பற்றி.

லிச்செஸ் இணையதளத்தில் உன் ஆட்டங்களை நான் பார்த்து வருகிறேன். ஒரு நிமிட ஆட்டத்தில் ப்ரீமூவே, அதாவது எதிராளி ஆடுமுன்பே நம் அடுத்த நகர்த்தலைப் போட்டு வைப்பதே கூடாது என்று சொல்ல மாட்டேன். செஸ்.காம் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் 0.1 விநாடி கழியும், லிச்செஸில் அதுவும் கழியாது என்பதால், கடைசி மூன்று விநாடிகளில் அதை விட்டால் வேறு கதியில்லை. ஆனால் எதிராளிக்கு வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் போடு. அவன் உன் குதிரையை வெட்டினால் திருப்பி வெட்டுவதற்கென்று போட்டு வைப்பதில் பயமில்லை. அவன் வெட்டாவிட்டால் அந்தக் கட்டத்தில் உன் குதிரையே நிற்பதால் ப்ரீமூவ் தானாக ரத்தாகிவிடும். ராணியைக் கொண்டு தனி ராஜாவைத் துரத்தும்போது போடவே போடாதே. போன வாரம் கையிலிருந்த வெற்றியை அப்படித்தான் ஸ்டேல்மேட் ஆக்கினாய்; செக் இல்லாமலே அவன் ராஜாவுக்கு நகர இடமில்லாமல் போய் ஆட்டம் சமனானது. அதே இரவில் யானை முடிவாட்டம் ஒன்றைப் பொறுமையாக வென்றதையும் பார்த்தேன். பத்து வயதில் வேலூரில் கோப்பை வாங்கிய பையன்தான் அது.

விடியற்காலை மூன்று மணிக்கும் ஆடுகிறாய், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கும் ஆடுகிறாய். அலுவலகத்துக்கு விடுமுறையாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தூக்கமில்லாத கண்ணோடு ப்ரீமூவ் போடாதே.

தொடக்கத்தில் பழக்கத்தின் பேரில் போடுவதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. வெள்ளை தன் சிப்பாயை டி-4 கட்டத்துக்கு ஆடியதும் நீ உன் சிப்பாயை ஜி-6க்கு ஆடிவிட்டு, பிஷப்பை ஜி-7க்கு ப்ரீமூவ் போட்டுவிடுகிறாய். அவன் தன் பிஷப்பை எச்-6இல் கொண்டுவந்து வைத்தால், பார்த்து ஆடுகிறவனுக்கு அது சும்மா கிடைக்கும் காய். பார்க்காதவனுக்கோ பிஷப்பும் போய், பின்னாலேயே யானையும் போகும். மறுபடியும் சொல்கிறேன், பார்த்து ஆடு.

சென்ற ஞாயிறன்று உனக்குச் சவால் விட்டு, எச்-6இல் பிஷப்பை வைத்தவன் நான்தான். தொலைபேசியில் உன்னை அழைக்கத் துணிவில்லாமல், வேறு பெயரில் கணக்குத் தொடங்கி அப்படி வந்தேன். வந்த இடத்தில் உன் பலவீனத்தைத் தெரிந்தே பயன்படுத்தி வென்றும்விட்டேன். அப்பன் செய்கிற காரியமா அது? ஆட்டம் முடிந்ததும் 'நல்ல ஆட்டம்' என்று எழுதினாய். பொங்கலுக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் கணினியை மூடிவிட்டேன். அம்மாவுக்கு இது தெரியாது.

நைனா