அந்த ‘உடன் ஒருவர்’ யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் இசைப் பக்கத்தில் டெனேஷியஸ் டி என்ற அமெரிக்க காமெடி ராக் குழுவின் முதல் ஆல்பத்தைப் பற்றி ஒரு பத்தி பார்த்தேன். 2001-இல் வந்த ஆல்பத்துக்கு இப்போது விமர்சனமா என்று கேட்கமாட்டேன், உங்கள் அலுவலகத்துக்குத் தபால் அப்படித்தான் வரும்போலிருக்கிறது. “காமெடி நடிகர் ஜாக் பிளாக்கின் கெட்ட வார்த்தைக் கச்சேரி” என்று தலைப்பு. சரி, கெட்ட வார்த்தை இருப்பது உண்மைதானே என்று விழுங்கிக்கொண்டேன். தொண்டையில் சிக்கியது கடைசி வரி: “உடன் ஒருவர் கிட்டார் வாசிக்கிறார்.”

அந்த ஒருவருக்குப் பெயர் உண்டு ஐயா. கைல் காஸ். டெனேஷியஸ் டி என்றாலே ஜாக்கும் இவரும்தான். லாஸ் ஏஞ்சலிஸின் ஆக்டர்ஸ் கேங் நாடகக் குழுவில் இருவரும் பழகியதும், ஒன்பது வயது மூத்தவரான காஸ்தான் ஜாக்குக்கு கிட்டார் சொல்லிக்கொடுத்தார் என்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை. அதே பத்தியில் டிரம்ஸ் வாசித்த டேவ் குரோலுக்குப் பெயர் இருக்கிறது, நிர்வாணா ராக் குழுக்காரர் என்ற அடைமொழியும் இருக்கிறது. விருந்தாளிக்கு இலை போட்டாயிற்று, வீட்டுக்காரன் வாசலில் நிற்கிறான். படத்தையும் பார்த்தேன். ஜாக் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார், வலது ஓரத்தில் ஒரு முழங்கையும் கிட்டாரின் தலையும் தெரிகின்றன, அவ்வளவுதான். வெட்டியவர் பொறுமையாகத்தான் வெட்டியிருக்கிறார்.

2024 ஜூலையில் மட்டும் உங்களுக்கு அவர் பெயர் கிடைத்தது. சிட்னி மேடையில் பிறந்தநாள் கேக் முன்னால் நின்று, டிரம்ப் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டை வைத்து அவர் ஒரு ஜோக் அடித்தார், சுற்றுப்பயணமே ரத்தானது. தப்பான ஜோக், அவரே மன்னிப்புக் கேட்டார், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பெயர், வயது, படம் எல்லாம் எழுத்துப் பிழையில்லாமல் வந்தனவே, அந்தக் கோப்பு இப்போது எங்கே போயிற்று?

“உருக்கம் என்று எதுவும் இல்லை” என்று வேறு எழுதியிருக்கிறார் உங்கள் விமர்சகர். இருபத்தொரு டிராக்கையும் கேட்டாரா, அட்டையிலிருக்கும் சாத்தானைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டாரா? அந்த ஆல்பத்தில் ஒரு சின்னப் பேச்சுத் துண்டு வரும். ஜாக் தன் நண்பனிடம் உன்னை நேசிக்கிறேன் என்கிறார். பதில் வர எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கும் சோதனை அது. உடனே நட்பைப் பற்றிய பாட்டு, உருகி உருகிப் பாடிக்கொண்டே போய், கடைசியில் ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தம் இருக்கும்வரை நாம் நண்பர்கள் என்று முடிக்கிறார்கள். நான் அதில் சிரிக்கவும் செய்தேன், கொஞ்சம் பயப்படவும் செய்தேன். உங்கள் இதழில் தலைப்பைக்கூட அச்சிட முடியாத இன்னொரு பாட்டில், அத்தனை பச்சையான வார்த்தைகளுக்கு நடுவே அந்த மனுஷன் சொல்வது, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு மெதுவாக நடந்துகொள் என்பதைத்தான். சுத்தமான வார்த்தைகளால் எழுதப்பட்ட எத்தனையோ காதல் பாட்டுகளில் அந்தப் பெண்ணை யாரும் எதுவும் கேட்பதே இல்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் பேசுவதை எல்லாம் குழந்தைகளை வைத்துக்கொண்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம், நமக்கு இது புரியாமல் போகுமா?

ஹெவி மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவைப் பற்றி ஒரு பாட்டு, வயசாகிவிட்டது, தீபத்தை எங்களிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்கிற தொனியில். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் வீடியோவுக்குக் கூப்பிட்டார், 2006-இல் இவர்கள் எடுத்த படத்தில் டியோவாகவே வந்து நடித்தார். 2010-இல் அவர் காலமான பிறகு, அவர் நினைவாக வந்த தொகுப்பில் அவருடைய பாட்டை இவர்கள் பாட, 2015-இல் அதற்கு கிராமி கிடைத்தது, காமெடிக்கு அல்ல, மெட்டலுக்கு. இதை வெறும் கோமாளித்தனம் என்பீர்களா?

என் கதைக்கு வருகிறேன். 2003-இல் இன்ஜினியரிங் ஹாஸ்டலில் என் நண்பன் பாடுவான், நான் கிட்டார். அதில் ஒரு கம்பி எப்போதும் இருக்காது. கல்லூரி நாள் அழைப்பிதழில் அவன் பெயருக்குக் கீழே “மற்றும் குழுவினர்” என்று அடித்திருந்தார்கள். குழுவினர் என்றால் நான் ஒருத்தன்தான். அவன் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, நான் கிட்டாரை உறைக்குள் போட்டுவிட்டேன். ஏழு மாதம், ஒரே வராந்தா, ஒரே மெஸ், பேச்சில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்து வந்தால் என் கட்டில் மேல் ஒரு காப்பி சிடி, அதில் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் ‘10’ என்று மட்டும் எழுதியிருந்தது. என் பிளேயரின் மூடியை ரப்பர் பேண்ட் போட்டுத்தான் மூட வேண்டும், போட்டு மூடி, பத்தாவது பாட்டைக் கேட்டேன். கைல் குழுவை விட்டுப் போய்விட்டான் என்று ஜாக் கத்துகிறார், அப்புறம் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். பாதியிலேயே அவன் கதவைத் தட்டப் போய்விட்டேன். எங்களுக்கு அன்றைக்கு அதில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

இது ஒரு நாள் பழக்கமுமில்லை. மார்கழி வந்தால் உங்கள் கச்சேரி விமர்சனங்களில் பாடகருக்கு முக்கால் பக்கம், வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் சேர்த்து “நன்கு ஒத்துழைத்தனர்” என்று ஒரே வரி. இரண்டரை மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கை வலிக்க வாசித்ததற்குப் பெயர் ஒத்துழைப்பு! மூன்று வருடத்துக்கு முன் இதைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை “தங்கள் கச்சேரி விமர்சனங்கள் அருமை” என்று ஒரே வரியாக்கி வெளியிட்டீர்கள், என் இனிஷியலையும் மாற்றி. நான் அருமை என்று எழுதவேயில்லை. வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், சந்தா விளம்பரத்துக்குக் கீழே இடம் இருந்தால்கூடப் போதும், ‘சென்ற இதழில் குறிப்பிட்ட ஒருவர், கைல் காஸ்’ என்று ஒரு வரி போடுங்கள். முடிந்தால் வெட்டாத படத்தோடு. இந்தக் கடிதத்தையும் சுருக்கத்தான் போகிறீர்கள், தெரியும். டியோவை எடுத்துவிடுங்கள், மார்கழியை எடுத்துவிடுங்கள், என் பெயரையும்கூட எடுத்துவிடுங்கள், அந்த ஒரு பெயர் இருக்கும் வரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மற்றும் குழுவினரில் ஒருவன்,
திருச்சி