லைன்வாடின் வீடும் உன் வீட்டுச் சுவரும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது, திட்டாதே. உங்கள் அப்பா வீட்டில் பழைய சுண்ணாம்புப் பூச்சை உரித்துவிட்டு சிமென்ட் பூசப் போவதாக எழுதியிருந்தாயே, ஆரம்பித்துவிட்டாயா? இன்னும் இல்லையென்றால் இதைப் படித்து முடிக்கும்வரை கொத்தனாரை நிறுத்தி வை.

போன ஞாயிறு கார்டிஃபை ஒட்டியிருக்கும் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்துக்கு மறுபடியும் போனோம். வேல்ஸ் முழுவதிலுமிருந்து பழைய வீடு, சர்ச், கடை எல்லாவற்றையும் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டி வைத்திருக்கும் இடம். நுழைவுக் கட்டணம் கிடையாது, கார் நிறுத்தத்தான் காசு. மெர்தர் டிட்ஃபில் என்ற ஊரின் இரும்பாலைத் தொழிலாளர் வரிசை வீடு ஆறு அங்கே இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு காலம்: முதல் வீட்டில் 1805, கடைசி வீட்டில் 1985. எல்லாரும் கூட்டமாக அதற்குத்தான் போவார்கள். எனக்கு லைன்வாடின் என்ற பழைய வீடு போதும். (பெயரின் முதல் எழுத்து நம் ‘ல’ இல்லை. நாக்கை ‘ல’வுக்கு வைத்துக்கொண்டு குரல் கொடுக்காமல் பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். பள்ளியில் வெல்ஷ் படிக்கும் என் மகள் அழகாகச் சொல்கிறாள், நான் சொன்னால் டயரில் காற்று இறங்குவது போலிருக்கிறதாம்.)

வட வேல்ஸில் ரோஸ்ட்ரவன் என்ற ஊரில், ஸ்லேட் குவாரிகளுக்குப் பக்கத்தில் 1762-ல் கட்டிய குடிசை அது. குடிசை என்றதும் ஓலை என்று நினைத்துவிடாதே. அடிவரிசைக் கற்களைப் பார்த்தால் மலையையே உருட்டிவந்து வைத்தது போலிருக்கும், சிலதை நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. உளி படாத பாறைகள். நிலத்தைச் சீர்செய்யும்போது கிடைத்ததை அப்படியே சுவரில் போட்டுவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இந்த மாதிரிச் சுவரை உள்முகம், வெளிமுகம் என்று இரண்டாக அடுக்கி, நடுவில் பொடிக்கல்லும் மண்ணும் திணித்து, இரண்டையும் பிணைக்க இடையிடையே நீளக்கல் போடுவார்கள். ஜன்னலில் கையை நீட்டினேன், முழங்கையைத் தாண்டியும் சுவர் முடியவில்லை.

உள்ளே ஒரே அறைதான். ஒரு கோடி முழுக்க அடுப்பு, ஆள் உள்ளே நின்று தலை நிமிரலாம். மறு கோடியில் கதவு போட்ட அலமாரி மாதிரி இரண்டு பெட்டிக் கட்டில்கள், அவையே தடுப்பு. அவற்றின் தலைக்கு மேல் பலகை போட்டு ஒரு அரைப்பரண், பிள்ளைகள் ஏணி வைத்து ஏறித் தூங்க. அதற்குப் பெயர் குரோக்லாஃப்ட், சர்ச்சில் சிலுவை நிற்கும் மேடைக்கும் அதே பெயர்தான். கணவன் மனைவி கட்டில் கதவைச் சாத்திக்கொண்டால் அதுதான் படுக்கையறை. நாம் ஹாஸ்டலில் வேட்டியைத் திரையாகக் கட்டியது நினைவிருக்கிறதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வீடு 1890-களில் கட்டிய கல் வீடு என்று உனக்குத் தெரியும். வாங்கிய புதிதில் சுவரில் கொஞ்சம் ஈரம் தெரிந்தது. ஒரு ஒப்பந்தக்காரர் வந்து கல் இடுக்குகளில் இருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சிமென்டை அடைத்து, அதன்மேல் தண்ணீர் புகாத பெயின்ட் அடித்து, இனி கவலையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த குளிர்காலத்தில் பீரோவை நகர்த்தினேன், பின்னால் வால்பேப்பர் வாழைப்பட்டை மாதிரி உரிந்து தொங்கியது, அதன்கீழ் கறுப்பாகப் பூசணம்.

நம்ம படிப்புக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கனமான கல் சுவருக்குள் மழை இறங்காமல் இருக்காது. சுண்ணாம்பு கல்லைவிட மென்மையானது, நுண்துளை உள்ளது, குடித்த ஈரத்தை வெயிலிலும் காற்றிலும் திருப்பிக் கொடுத்துவிடும். சிமென்ட் எங்காவது முடி அளவு விரிசல் விட்டுத் தண்ணீரை உள்ளே வாங்கும், வெளியே விடாது. உறைபனியில் அந்தத் தண்ணீர் விரியும்போது உடைவது சிமென்ட் இல்லை, கல்லின் முகம். லைன்வாடினில் இன்னொன்றும் உண்டு: அந்தப் பெரிய அடுப்பு நாள் முழுக்க எரிந்து சுவரை உலர்த்தும், புகைபோக்கி அறையின் ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் அடுப்பையும் அடைத்து, ஜன்னலையும் இறுக்கி மூடி, சமைத்து, துணி வேறு காயப்போட்டால் சுவர் பாவம் என்ன செய்யும்?

அப்புறம் சின்ன உளியை வைத்து அந்த சிமென்டைக் கொத்தி எடுக்கவே மூன்று வாரம். சுண்ணாம்பு வைக்க ஒரு வயதான கொத்தனார் வந்தார், ஈரச்சாக்கை மேலே தொங்கவிட்டு ஒவ்வொரு நாளும் தண்ணீர் தெளிக்கச் சொன்னார், வேகமாகக் காய்ந்தால் பொடிந்துவிடுமாம். இரண்டு குளிர்காலம் தாண்டிவிட்டது, சுவர் காய்ந்திருக்கிறது. செலவைக் கேட்காதே, என் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள் ஊர் மழையும் வெயிலும் வேறு, உறைபனிப் பேச்சே இல்லை. ஆனாலும் முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார். கூரை ஒழுகலா, தரையிலிருந்து ஏறுகிறதா, குளியலறைக் குழாயா? கடுக்காய், வெல்லம் போட்டு அரைத்த பூச்சு என்று உங்கள் அப்பா சொன்னதாக ஞாபகம். அந்தக் கலவை தெரிந்த கொத்தனார் யாராவது அக்கம்பக்கத்தில் இருக்கிறாரா, விசாரி. உரித்த பூச்சில் ஒரு துண்டை எறியாமல் எடுத்து வை, உடைந்த பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு.

டிசம்பரில் வருகிறோம். அதற்குள் சிமென்ட் மூட்டை இறக்கியிருந்தால் மாட்டுக்கொட்டகைத் தரைக்குப் போட்டுவிடு.

அன்புடன்,
முரளி