இங்கிலாந்தின் ஹல் நகரில் இருக்கும் மகனுக்கு: தூண்டில் ரீலும் கடல் எல்லையும்

மகன்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, தகப்பனின் பழைய தூண்டில் ரீல்களை விற்கிற அந்தப் பெண்மணியைப் பற்றியும் "அவங்கட கடல் அவங்களுக்கு" என்றும் சொன்னதற்கு நான் பதில் சொல்லத் தொடங்கவே உன் இடைவேளை முடிந்துவிட்டது, அம்மாவும் "பிள்ளையோட கதைக்கிற நேரத்தில கடல் எல்லை எதுக்கு" என்று போனைப் பிடுங்கிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போகும், பஸ்ஸில் இருந்து ஆறுதலாக வாசி.

முதலில் ரீல். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரத்தில் செய்து பின்பக்கம் பித்தளை நட்சத்திரம் பதித்திருப்பது நொட்டிங்ஹாம் வகை, உங்கள் நாட்டுச் சாமான், மரம் வெடித்திருக்கிறதா என்று நேரில்தான் பார்க்க வேண்டும். கறுப்பாக முட்டை வடிவில் இருப்பது மிட்செல் 300. சிவப்பு ஆபு அம்பாசடர் 5000. மூடியில்லாத தோல் பையில் கிடப்பது ஹார்டி, அந்தப் பெயரைக் கண்டதும்தான் அந்தப் பெண்மணி விலையை ஏற்றியிருப்பார்.

எனக்கு ரீல் மேல் ஆசை வந்தது மீன் பிடித்து அல்ல, உனக்குத் தெரியும். இங்கே மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தில் தூண்டில் போட்டு நிற்கிறவனுக்குக் கொடுவா பட்டதா என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள், நான் அவன் கையில் இருக்கிற சாமானைப் பார்ப்பேன். ஆயுள் முழுக்க வாட்ச் திருத்தியவனுக்கு அப்படித்தான் கண் போகும். இதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு, நல்ல ரீல் செய்தவர்களில் பலர் என் தொழில்காரர்கள். மிட்செலைச் செய்தது பிரான்சில் க்ளூஸ் என்ற ஊர், அந்தப் பள்ளத்தாக்கே மணிக்கூட்டுப் பாகங்கள் கடைந்து பிழைத்த இடம். ஆபு 1921-ல் சுவீடனின் ஸ்வெங்ஸ்டாவில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையாகத் தொடங்கி, பிறகு டாக்சி மீட்டர் செய்து, 1939-ல் யுத்தம் வந்து டாக்சி மீட்டரைக் கேட்க ஆளில்லாமல் போனபோது ரீலுக்குத் திரும்பியது. அதனால்தான் ஐம்பதுகளில் வந்த அம்பாசடரைக் கழற்றினால் உள்ளே நல்ல வாட்சின் ஒழுங்கு தெரிகிறது. ஒரு பல்லும் வீணாக இருக்காது.

என் அலமாரியில் இருக்கிற, பென் என்ற அமெரிக்கக் கம்பனி ரீலின் கதையை உனக்கு முழுதாகச் சொன்னேனா தெரியவில்லை. சாய்ந்தமருதில் பழைய இரும்பு வாங்குகிற நம் நண்பர், அம்பாறைப் பக்கத்தில் எடை போட்டு வாங்கிய சாமானுக்குள் கிடந்தது என்று கொண்டுவந்து தந்தார், ஒரு சதமும் வாங்கவில்லை, தன் வீட்டுச் சுவர் மணிக்கூட்டை ஓடப் பண்ணித் தந்தால் போதும் என்றார். பேக்லைட் பக்கத் தட்டு, அதில் பிலடெல்பியா என்று பொறித்திருக்கிறது. 1949-ல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது இங்கினியாகலை அணையைக் கட்டியது மொறிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. அதில் வந்த இஞ்சினியர் யாரோ ஒருவன் லீவு நாளில் பாணமைப் பக்கமோ பொத்துவில் பக்கமோ பாரை பிடிக்கக் கொண்டுவந்து, போகும்போது விட்டுப் போயிருப்பான் என்று நான் முடிவு கட்டியிருக்கிறேன். சாட்சி கிடையாது. சேகரிக்கிறவனுக்கு இந்த அளவு கற்பனைக்கு உரிமை இருக்கிறது.

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன். அந்தப் பெண்மணியின் தகப்பன் ஹல்லின் மீனவர் பகுதியான ஹெசல் றோட் ஆள், ஐஸ்லாந்துக் கடலுக்கு இழுவைக் கப்பலில் போனவர், எழுபதுகளில் வேலை போய், பிறகு கடைசிவரை ஹம்பர் கரையில் இந்த ரீல்களோடு இருந்தவர் என்று சொன்னாய். "ஐரோப்பாக்காரர் எங்கள் கடலைப் பறித்துவிட்டார்கள்" என்று அந்தப் பெண்மணி சொல்ல, நீயும் அதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் "அவங்கட கடல் அவங்களுக்கு, அதில என்னப்பா பிழை, எங்கட வடக்குக் கடலில இந்திய ரோலர், அந்த இழுவைப் படகு, வந்தால் நாங்கள் விடுறமா" என்கிறாய்.

அந்தக் கரையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1968 தொடக்கத்தில் சில வாரங்களுக்குள் மூன்று கப்பல்கள் மூழ்கி 58 பேர் செத்த ஊர் அது, கப்பலில் ரேடியோக்காரன் இல்லாமல் போகவிட மாட்டோம் என்று பெண்கள் துறைமுகத்துக்கு வந்து நின்ற ஊர். ஆனால் ஹல்லின் பெரிய கப்பல்கள் பிடித்தது பிரித்தானியக் கடல் மீனா? அவர்கள் வயிறு வளர்த்தது ஐஸ்லாந்தின் வாசலில். ஐஸ்லாந்து 1958-ல் 12 கடல் மைல் என்றது, 1972-ல் 50 என்றது, 1975-ல் 200 என்றது. பிரித்தானியா போர்க்கப்பல் அனுப்பியது. ஐஸ்லாந்துக்காரர் வலைக் கம்பியை வெட்டுகிற கொக்கியைக் கட்டி இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடினார்கள். உன் ஊரில் அருங்காட்சியகக் கப்பலாக வைத்திருக்கிறார்களே ஆர்க்டிக் கோர்செயர், அது 1976-ல் ஐஸ்லாந்தின் ரோந்துக் கப்பல் ஓடினோடு மோதிய கப்பல்தான். அப்போது ஏறக்குறைய இரண்டேகால் லட்சம் பேர் இருந்த நாடு, நேட்டோவை விட்டுப் போவோம் என்று ஒரு வெருட்டு வெருட்டி, வென்றுவிட்டது. 1976 ஜூனில் செய்த உடன்பாட்டில் 24 கப்பல், அதுவும் ஆறு மாதம், அதோடு சரி. அந்த மனிதரின் வேலையைக் கொண்டுபோனது ஐரோப்பிய ஒன்றியம் இருக்கிற பிரசல்ஸ் அல்ல மகன். ஒரு சின்ன நாடு தன் கடலைத் தனதென்று சொன்னதுதான், அதாவது நீ இப்போது எந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயோ அதே நியாயம்.

ஐரோப்பாவின் மேல் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. 1970-ல் பிரித்தானியா ஐரோப்பியக் கூட்டுக்குள் வரப் பேச்சுத் தொடங்குகிற நேரம் பார்த்து, அதில் அப்போது இருந்த ஆறு நாடுகளும் ஒருவர் கடலில் ஒருவர் பிடிக்கலாம் என்று விதியை எழுதி வைத்துக்கொண்டன, அது சுத்தக் கெட்டித்தனம், கோர்ன்வோல் பக்கத்துச் சின்னப் படகுக்காரர் கோபப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் எந்தப் படகு எவ்வளவு பிடிக்கலாம் என்ற பங்கை உள்ளே பிரித்துக் கொடுத்தது லண்டன் அரசாங்கம். அந்தப் பங்கு கைமாறிக் கைமாறி, இங்கிலாந்தின் ஒதுக்கீட்டில் பெரிய பகுதி வெளிநாட்டு முதலாளிகளின் கப்பல்களிடம் போய்ச் சேர்ந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது? பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறி முடிந்து, 2020 டிசம்பர் உடன்பாட்டில் பிரித்தானியக் கடலில் ஐரோப்பியருக்கு இருந்த பங்கில் 25 வீதத்தை ஐந்தரை வருசத்தில் திருப்பித் தருவதென்று ஒப்புக்கொண்டு, பிறகு 2025 மே மாதம் ஐரோப்பியப் படகுகள் 2038 வரை வரலாம் என்று கையெழுத்துப் போட்டாயிற்று. ஏனென்றால் அங்கே பிடிக்கிற மீனில் பெரும்பகுதி வெளியே விற்கப்போகிறது, நீ வெள்ளிக்கிழமை வாங்கிச் சாப்பிடுகிற கொட் மீன் பெரும்பாலும் நோர்வே, ஐஸ்லாந்துக் கடலில் இருந்து வருகிறது. கடலைப் பூட்டினால் சந்தையும் பூட்டிக்கொள்ளும். இதை வாக்குக் கேட்டு வந்தவர்கள் மேடையில் சொல்லவில்லை.

இனி நம் கதை. வடக்கில் இந்தியப் படகுகள் இழுவைமடி போட்டு அடித்தளத்தை வழித்துக்கொண்டு போவது அநியாயம், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் வலை அறுந்தவனிடம் போய் தொப்புள்கொடி உறவு என்று யாரும் கதைக்க முடியாது. இலங்கை 2017-ல் சட்டம் போட்டு இங்கேயே இழுவைமடியைத் தடை செய்தது, நம் ஆட்களுக்கும் சேர்த்துத்தான், அது சரியான வேலை. ஆனால் நாம் எப்போதும் பறிகொடுக்கிற பக்கம் என்று நினைக்காதே. பல நாள் படகுகள் இந்த நாட்டில் இருந்து எங்கெல்லாம் போகின்றன என்று உனக்குத் தெரியும்தானே. 2010-ல் பிரித்தானியா இந்து சமுத்திரத்துச் சாகோஸ் தீவுகளைச் சுற்றி மீன்பிடியைத் தடுத்துக் காப்பகம் அறிவித்தது, அங்கே பிடிபட்ட படகுகளில் இலங்கைப் படகுகள் எத்தனை! 2014 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் நமக்குச் சிவப்பு அட்டை காட்டியது, 2015 ஜனவரியில் இருந்து 2016 நடுப்பகுதி வரை நம் மீன் அங்கே போகவில்லை. ஆழ்கடலில் யார் எங்கே பிடிக்கிறார்கள் என்று பார்க்க ஒழுங்கான ஏற்பாடு இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அதற்குப் பிறகுதான் படகுகளில் கண்காணிப்புக் கருவி பூட்டும் வேலை வேகமாக நடந்தது. வாழைச்சேனையில் சூரை ஏற்றி இறக்குகிறவனுக்கு பிரசல்ஸ் எங்கே என்று தெரியாது, ஆனால் பிரசல்ஸ் அவன் கூலிக்குள் கை வைத்தது.

1976-ல் நம் நாடும் 200 மைல் சட்டம் போட்டது, ஐஸ்லாந்து வென்ற அதே வருசம். 5,17,000 சதுர கிலோமீட்டர் கடல், தரையைப் போல எட்டு மடங்கு. சரி, அதற்குள் என்ன செய்கிறோம்? தங்கூசி நூல் வலை, அந்த மெல்லிய நைலோன் வலை, தடை, வாவியில் தங்கூசி வலை. வெடி போட்டு மீன் பிடிப்பது தடை, வெடிச் சத்தம் கேட்கிறது. ஒலுவிலில் டென்மார்க் கடனில் துறைமுகம் கட்டி 2013-ல் திறந்தார்கள், வாயை மணல் அடைத்தது, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, கரைவலை இழுத்தவன் தன் பாட்டை, அதாவது வலை இழுக்கிற இடத்தை, இழந்து நிற்கிறான். இதை எந்த இந்திய ரோலரும் செய்யவில்லை. மாரியில் முகத்துவாரத்தை வெட்டுவதா விடுவதா என்று வயல்காரரும் வாவிக்காரரும் இழுபறிப்படுவதைப் பார்த்தால், ஒரு மாவட்டத்துக்குள்ளேயே தண்ணீர் யாருடையது என்று தீர்க்க முடியாதவர்கள் நாம் என்று எனக்குப் படும். அதற்காகக் கோடே வேண்டாம் என்று சொல்லவில்லை, கோடு வேண்டும். கோட்டுக்கு உள்ளே யார் பிடிக்கிறான், எந்த வலையால், காசு யார் வீட்டுக்குப் போகிறது என்று கேட்காமல் கோட்டை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறவனோடு எனக்கு ஒத்துவராது. நீ அப்படி நிற்பதுதான் எனக்குக் கோபம், வேறொன்றும் இல்லை.

ரீலில் எந்த ஊரில் செய்தது என்று அடித்திருக்கும். கெளவல்லை என்கிற மஞ்சள் துடுப்புச் சூரை மீனில் ஒன்றும் அடித்திருக்காது, அது மாலைதீவில் தின்று நம் கடலைக் கடந்து போகும். அதனால்தான் சீசெல்சில் ஒரு ஆணைக்குழு உட்கார்ந்துகொண்டு எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று மல்லுக்கட்டுகிறது. போய் அதை வாசி, பிரெக்சிட் வீடியோக்களை விட்டுவிட்டு.

இதையெல்லாம் அந்தப் பெண்மணியிடம் போய் ஒப்புவிக்காதே. தகப்பன் செத்த வீட்டுச் சாமானை விற்கிறவளிடம் ஐஸ்லாந்துக் கணக்குக் காட்டுவது மரியாதை இல்லை.

வாங்க வேண்டியதைச் சொல்கிறேன். ஹார்டியை விடு, அந்த விலைக்கு ஆகாது. சிவப்பு ஆபுவைக் கட்டாயம் எடு, ரீலைக் கவிழ்த்து, கம்பில் பொருத்துகிற கால் தகட்டில் அடித்திருக்கிற எண்ணைப் படம் எடுத்து அனுப்பு, எழுபதுகளின் பிற்பகுதி என்றால் முதல் இரண்டு இலக்கம் வருசத்தைச் சொல்லும். யாராவது அந்தக் கால் தகட்டை அரத்தால் தேய்த்திருந்தால் விலையில் பாதி போச்சு. மிட்செலின் கைபிடியைச் சுற்றிப் பார், பல் உரசுகிற சத்தம் வந்தால் பரவாயில்லை, எனக்கு வேலை கிடைக்கும். நொட்டிங்ஹாமின் பித்தளையை மினுக்காதே, களிம்பு இருந்தால் இருக்கட்டும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுக்கு மேல் விடாதே. தபாலில் போடாதே, ஆவணியில் திருவிழாவுக்கு மாமி வீட்டு ஆட்கள் வருகிறார்கள், அவர்களின் கைப்பையில் வரட்டும், காசை நான் மாமியிடம் கொடுத்துவிடுகிறேன்.

பேத்திக்கு இருமல் எப்படி என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா
கல்லடி