ஜார்ஜ் பென்சன் கித்தாரைக் கைவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ஜாஸ் கித்தார் கலைஞர் ஜார்ஜ் பென்சனின் 'பிரீஸின்' இசைத்தட்டைப் பற்றி வந்த கட்டுரையை, களியக்காவிளை பேருந்து நிலையத்து டீக்கடையில் நின்றபடியே படித்து முடித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் அவர் பெயரைப் பார்த்ததே பெரிய சந்தோஷம். ஆனால் காசுக்காக ஜாஸைக் கைவிட்டார் என்ற அந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

இதே பேச்சை நான் முதலில் கேட்டது 1985-இல். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த அண்ணன் 'பிரீஸின்' கேசட்டைக் கொண்டுவந்திருந்தார். அப்போது சபை கொயரில் வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது மூன்றே மூன்று கார்டு, அதாவது சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டு. சனிக்கிழமைதோறும் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறிப்போய் ஒருவரிடம் கித்தார் படித்தேன். ஆசையாகக் கேசட்டைக் காட்டினேன். "இது ஜாஸே இல்லை, விற்கிறதுக்குப் போட்டது" என்று தள்ளிவைத்துவிட்டார். வெட்கமாகிவிட்டது. இரண்டு வருடம் அதைத் தொடவே இல்லை. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் ஒரு மழை ராத்திரியில் மறுபடி போட்டுக் கேட்டேன். மொத்தம் ஆறு உருப்படி. ஐந்தில் பாட்டே கிடையாது, கித்தார்தான். ஒன்றே ஒன்றில்தான் பாடுகிறார்: லியோன் ரஸ்ஸல் எழுதிய 'திஸ் மாஸ்கரேட்'. எட்டு நிமிடம் ஓடும். வார்த்தை வருவதற்கு முன்பே, கித்தாரில் விரல் தொடும் ஸ்வரத்தை அதே நொடியில் வாயாலும் பாடிக்கொண்டு போகிறார். வீணை வாசித்தபடி பாடுகிறவர்களைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பாடுகிறவன் மூச்சு வாங்க வேண்டும். அவன் நிற்கிற இடத்தில் கித்தாரும் நிற்க வேண்டும். எவ்வளவு வேகமாகவும் ஓடக்கூடிய கை அது. அந்தக் கை நிற்கிற அழகை அன்றைக்குத்தான் கேட்டேன்.

பாடுவதும் காசுக்காகப் புதிதாகப் பழகியதல்ல. பிட்ஸ்பர்க்கில் சிறு பையனாக யுகுலேலே வைத்துக்கொண்டு பாடியவர். ஜாக் மெக்டஃப்பின் ஆர்கன் குழுவில் தேறியவர். 1968-இல் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டிலும் வாசித்தவர்.

1976-இல் வந்த 'பிரீஸின்' அமெரிக்காவில் பாப், ஜாஸ், ஆர் அண்டு பி (ரிதம் அண்டு புளூஸ்) என மூன்று விற்பனைப் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. அங்கே மட்டும் 30 லட்சம் பிரதிகளுக்குச் சான்றிதழ் பெற்றது. சரி, விற்றது. ரேடியோவுக்காகச் சுருக்கிய 'திஸ் மாஸ்கரேட்' பாட்டைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனவர்கள், பாட்டே இல்லாத ஐந்து உருப்படிகளையும் சேர்த்துத்தானே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்? மறு வருடம் கிராமி விழாவில் அந்தப் பாட்டுக்கு ஆண்டின் சிறந்த பதிவு விருது. வாத்திய இசைக்கும் தனியாக ஒரு விருது.

இது அவருக்கு மட்டும் வந்த பழியும் அல்ல. கட்டைவிரலாலேயே வாசித்த ஜாஸ் கித்தார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி 1967-இல் பாப் பாடல்களை வயலின்கள் சூழ வாசித்தபோதும் இதையேதான் சொன்னார்கள். மறு வருடமே, 45 வயதில், அவர் போய்விட்டார்.

என்னிடம் பாறசாலையிலிருந்து ஒரு பையன் படிக்க வருகிறான். சினிமாப் பாட்டு போதும் என்று வந்தவன். ஒருநாள் 'பிரீஸின்' என்ற அந்தத் தலைப்பு உருப்படியைப் போட்டேன். "மாஸ்டர், இது எந்தக் கார்டு?" என்று கேட்டான். அன்றைக்கு மட்டும் பாடம் இரண்டரை மணி நேரம் போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுரையில் பென்சன் பெயர் மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் ரிதம் கித்தார் வாசித்தவர் ஃபில் அப்சர்ச். அந்த இசைத்தட்டில் உள்ள 'சிக்ஸ் டு ஃபோர்' உருப்படி அவர் அமைத்தது. டிரம்ஸ் ஹார்வி மேசன், பேஸ் ஸ்டான்லி பேங்க்ஸ். அடுத்த முறை இவர்கள் பெயரையும் போடுங்கள். நாற்பது வருடமாகக் கல்யாண மேடைகளில் பாடகருக்குப் பின்னால் நின்று ரிதம் வாசிக்கிறவன் என்பதால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கித்தார் ஆசிரியர்,
களியக்காவிளை.