மோட்டார் ஒன்று, மடைகள் பல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் ‘எல்லா உயிர்களிலும் ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனி சுவிட்ச் உண்டு’ என்று போட்டிருந்தீர்கள். அந்த ‘எல்லா’தான் உறுத்துகிறது. போன ஐப்பசியில் எங்கள் கலப்பினப் பசுவைப் படுக்க வைத்த கிருமிக்கே அது பொருந்தாது.

காய்ச்சல் வந்தது, விட்டது, மறுபடி வந்தது. ஒரு நாள் பசு கட்டுத்தறியையே சுற்றிச் சுற்றி வந்து தூணில் முட்டியது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார். டாக்டர் வந்து காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் காட்டினார். சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு மீன்குஞ்சு மாதிரி நெளிந்தது டிரிப்பனோசோமா. மாட்டு ஈ கடித்துப் பரப்புகிற சர்ரா நோய். (உயிரியல் வாத்தியார் வீட்டிலேயே இப்படியா என்று ஊரில் சிரித்தார்கள். சரி, போகட்டும்.)

இதன் பங்காளி, ஆப்பிரிக்கத் தூக்க நோயைத் தரும் டிரிப்பனோசோமா புரூசி. 2005இல் அதன் மரபணுத் தொகுப்பு வெளியானது. சுமார் 9,000 மரபணுக்கள், பத்தும் நூறுமாக ஒரே வரிசையில் நிற்கின்றன. படியெடுத்தல், அதாவது மரபணுவைப் பார்த்து ஆர்.என்.ஏ. நகல் எடுப்பது, தொடங்குவது வரிசையின் தலைமாட்டில் மட்டும்தான். ‘இங்கே தொடங்கு’ என்று காட்டும் டி.என்.ஏ. அடையாளமான, பாடப்புத்தகத்து ‘டாட்டா பெட்டி’யை அங்கே தேடிப் பயனில்லை. அதற்குப் பதில், டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதங்களான ஹிஸ்டோன்களில் வேறு வகை உட்கார்ந்து அந்தக் கட்டைத் தளர்த்தி வைத்திருக்கிறது. படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 அங்கே ஏறினால் வரிசை முடியும்வரை ஓட்டம்தான். அப்புறம் அந்த நீளப் படி துண்டாகிறது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் 39 எழுத்துள்ள ஒரே குல்லாய் ஏறுகிறது.

எங்கள் தக்காளிக் காட்டில் ஸ்டார்ட்டர் ஒன்றுதான். எந்தப் பாத்திக்கு எவ்வளவு தண்ணீர் என்பது மடை திருப்புகிறவர் கையில். இந்தக் கிருமியும் அப்படித்தான்: எந்தத் துண்டை வைத்துக்கொள்வது, எதைச் சிதைப்பது என்பதைப் படியெடுத்த பிறகே முடிவு செய்கிறது.

கிருமியின் உடலைப் போர்த்தியிருக்கும் மேலங்கிப் புரதத்தின் கதை மட்டும் தனி. அதைப் படியெடுப்பது பாலிமரேஸ் 1. நம் செல்லில் அதற்கு ரைபோசோம் ஆர்.என்.ஏ. எடுக்கும் வேலைதான். அந்தப் புரதத்தின் மரபணுவைப் படியெடுக்கச் சுமார் 15 இடங்கள் இருந்தும் ஒரு நேரத்தில் திறப்பது ஒன்றே. அங்கியை மாற்றி மாற்றிப் போட்டு, உடலின் எதிர்ப்பாற்றலுக்கு டிமிக்கி கொடுக்கிறது. காய்ச்சல் விட்டு விட்டு வந்ததன் சூட்சுமம் இதுதான்.

கறுப்புக் காய்ச்சல் தரும் லீஷ்மேனியாவிலும் வரிசைப் படியெடுத்தல்தான். மலேரியாக் கிருமி இந்தக் கூட்டத்தில் சேராது. அதற்கு நீங்கள் சொன்ன கணக்கு ஓரளவு சரி.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்திவிடுங்கள். என் 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டியிருக்கிறார்கள்.

– உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்